மணி வகையைச் சேர்ந்த எருமை

ஒரு காட்டில், மழை வந்தால் ஆளை அடித்துத் துவைத்துக் காயப்போடுகிற மாதிரி பெய்யும் ஒரு காட்டில், ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்கு ஒரு கரை, கரையில் ஒரு மதகு, மதகுக்கு ஒரே ஒரு பலகை. மறுகால் பாய வேறு வழி கிடையாது. ஏரி நிறைந்தால் பலகையைத் தூக்கி மிச்சத் தண்ணீரை ஓடையில் விட்டாக வேண்டும். விடாவிட்டால் கரை உடையும். உடைந்தால், கீழே பள்ளத்தில் வளை தோண்டிக் குடியிருக்கிற முயல்கள் குடும்பத்தோடு போய்ச் சேர வேண்டியதுதான்.

இந்த வேலையை மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஆள் சீனியம்மா என்கிற நண்டு. கரையின் உட்பக்கத்தில், தண்ணீர் எந்த அளவைத் தாண்டக் கூடாதோ அந்த அளவில் அவள் வளை இருந்தது. வளைக்குள் தண்ணீர் ஏறினால் ஏரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வெளியே ஓடி வந்து, கரைமேல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் மாசாணம் என்கிற எருமையின் பின்னங்காலைக் கடிப்பாள். மாசாணம் காடே அதிரக் கத்துவான். கத்தல் கேட்டதும், மதகடியில் நிற்கிற அம்பலவாணர் என்கிற யானை தும்பிக்கையால் பலகையைத் தூக்கிப் பிடித்து, நூறு வரைக்கும் எண்ணி, இறக்கி வைப்பார். இவ்வளவுதான் ஏற்பாடு. பதினெட்டு மழைக்காலம் இப்படியே ஓடியது. ஒரு முயலுக்குக்கூட மீசை நனையவில்லை.

ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது என்பதற்காகக் கால் வலிக்காமல் போய்விடுமா? சீனியம்மா கடமைக்குக் கடிக்கிறவள் இல்லை. கொடுக்கை உள்ளே இறக்கி, ஒரு திருகு திருகித்தான் எடுப்பாள். மழைக்காலம் முடியும்போது மாசாணத்தின் பின்னங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அவன் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். இந்தக் கடி மட்டும் இல்லாவிட்டால் தன்னைப் போலச் சுகவாசி இந்தக் காட்டிலேயே கிடையாது என்று அவன் மனசார நம்பினான்.

சரி, பக்கத்திலேயே இருக்கிறாளே, அவளிடமே "தாயி, கொஞ்சம் மெதுவாகக் கடி" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்ல மாட்டான். அக்கம்பக்கத்தில் இருப்பவளிடம் போய்க் குறை சொல்லிவிட்டு, மறுநாள் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? நாம் மட்டும் என்ன வாழ்கிறது, மேல்வீட்டுக்காரர் குழாயில் தண்ணீர் ஒழுகினால் அவரிடம் சிரித்துப் பேசிவிட்டு நகராட்சிக்குத்தானே எழுதுகிறோம்! மாசாணமும் அதையே செய்தான். சிங்க மகாராஜாவுக்கு மனு எழுதினான்.

"மகாராஜா சமூகத்துக்கு ஏரிக்கரை எருமை மாசாணம் பணிந்து எழுதிக்கொண்டது. நண்டு கடித்து என் பின்னங்கால் வருடா வருடம் வீங்குகிறது. கடி நிற்க ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

மகாராஜா மனுவை இரண்டு தடவை படித்தார். நண்டைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னால் தீர்கிற விஷயம். அப்படித் தீர்த்துவிட்டால் ராஜா எதற்கு?

"இது கால் பிரச்சினை இல்லை, அமைப்புப் பிரச்சினை. நிபுணரைக் கூப்பிடுங்கள்" என்றார்.

நிபுணர் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தார். டாக்டர் நயனசுந்தரம் என்று பெயர், ஜாதியில் தேவாங்கு. கிளைக்குக் கிளை ஒரு கையை வைத்து, யோசித்து, அடுத்த கையை எடுத்து வைத்து, முக்கால் மைல் தூரத்தை ஐந்து நாளில் கடந்து வந்து சேர்ந்தார். முகத்தில் பாதி கண். அந்தக் கண்ணால் ஒருவரை உற்றுப் பார்த்தார் என்றால், நமக்கே தெரியாத நம் குற்றமெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது போல இருக்கும். கூடவே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மகாராஜாவின் குகைக்குள் அதை வைத்து, குகைமேல் சூரியப் பலகையை மாட்டி, மறுநாள் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்.

"நான் செய்யப்போவது பொருள்நோக்கு முறை," என்றார் நயனசுந்தரம். "இந்த முறையில் நண்டு, எருமை, யானை என்று யாரும் கிடையாது. எல்லாரும் உருப்படிகள். ஒவ்வொரு உருப்படியும் ஒரு வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தாய்வகை. தாய்வகையின் குணமெல்லாம் பிள்ளைவகைக்குத் தானாக வந்துவிடும். மறுபடி மறுபடி எழுத வேண்டாம். எவ்வளவு மிச்சம் பாருங்கள்!"

"எது சார் மிச்சம்?" என்று கேட்டான் மாசாணம்.

"எழுத்து."

மாசாணம் வாழ்க்கையில் எழுதியதே ஒரு மனுதான். இருந்தாலும் மிச்சம் என்றால் நல்லதுதானே என்று தலையை ஆட்டினான்.

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?"

"கரைமேல நிக்கேன் சார். கடிச்சா கத்துவேன்."

"தாக்கினால் ஒலி எழுப்புவது." நயனசுந்தரம் தட்டச்சு செய்தார். "மணி வகை."

"நான் எருமை சார்."

"அது உங்கள் உள்விவகாரம். அமைப்புக்கு அது தேவையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே யாரும் கேட்கக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. இதுதான் இந்த முறையின் உயிர்நாடி."

பிறகு மணி வகைக்கான படிவத்தைக் கொடுத்தார். உலோகம் என்ன? தொங்கும் இடம் எது? நாக்கு உண்டா? ஆண்டுக்கு எத்தனை முறை புளி போட்டு விளக்க வேண்டும்? மாசாணத்தால் நாக்கு ஒன்றுக்குத்தான் நெஞ்சறிந்து 'உண்டு' என்று எழுத முடிந்தது. உலோகத்துக்கு நேரே ஏற்கெனவே 'பித்தளை' என்று அச்சாகியிருந்தது. அது தாய்வகையிலிருந்து வந்தது, அடிக்க முடியாது என்றார்கள். தொங்கும் இடத்தைக் காலியாக விட்டான். அதற்காகப் படிவம் திரும்பி வந்தது. கடைசியில் கரையோர மருதமரக் கிளையிலிருந்து ஒரு கொடியை இறக்கி அவன் கழுத்தில் கட்டினார்கள். தொங்கவில்லைதான், ஆனால் தொங்குவதற்கு வசதி செய்தாயிற்று என்று குறித்துக்கொண்டார்கள்.

அம்பலவாணரைத் 'தூக்கி' வகையில் சேர்த்தார்கள். கிணற்றுக் கப்பி, நெம்புகோல், பாரந்தூக்கி எல்லாம் அவருக்கு உடன்பிறப்பு ஆயின. அந்த வகைக்கு வாராவாரம் மூட்டில் எண்ணெய் விட வேண்டும் என்று தாய்வகையில் எழுதியிருந்ததால், திங்கள்தோறும் இரண்டு குரங்குகள் வந்து அவருடைய நாலு முழங்காலிலும் விளக்கெண்ணெய் தேய்த்தன. அன்றிலிருந்து திட்டத்தைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால் அம்பலவாணருக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"ஏல மாசாணம், அருமையான திட்டம்லே இது," என்றார். "பதினெட்டு வருசமா இந்த முட்டிவலியை யாராவது கேட்டானா?"

"எனக்கும் ரெண்டு நாளா வயிறு சரியில்ல அண்ணாச்சி," என்றான் மாசாணம்.

"அதை எங்கிட்ட சொல்லாத. உள்விவகாரம்."

அவருக்கு இன்னொரு உத்தரவும் உண்டு. தூக்கி என்பது கத்தல் கேட்டால் தூக்கும், நூறு எண்ணும், இறக்கும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அதற்கு வேண்டாத தகவல். ஆகவே ஏரிக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிற்க வைத்தார்கள்.

சீனியம்மா முறை வந்தபோது நயனசுந்தரம் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்கள் உணரி. உலகத்தில் எது எதை உணர்ந்தாலும், அதற்கெல்லாம் நீங்கள்தான் மூலவகை. நீங்கள் அருவமானவர். உங்களிடமிருந்து பிறப்பவர்கள்தான் வேலை செய்ய வேண்டும். நீங்கள் நேரடியாக எதையும் செய்யக் கூடாது."

"சாமி மாதிரியா?" என்றாள் சீனியம்மா.

"கிட்டத்தட்ட."

அவள் அன்றிலிருந்து தரையில் நடப்பதையே குறைத்துக்கொண்டாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நான் உருவமா இருக்கேன்னு நினைக்காதீரும், நான் இங்க இல்லவே இல்ல" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள். வயிற்று மடிப்புக்குள் பொரிந்து கிடந்த நூற்றெழுபது குஞ்சுகளுக்கும் கடிக்கும் கடமை பிறப்பிலேயே எழுதிவைக்கப்பட்டது.

புரட்டாசிக் கடைசியில் மகாராஜா முன்னால் செய்துகாட்டினார்கள். கம்ப்யூட்டருக்குள் ஓர் ஏரி. நிஜ ஏரியைவிட அழகு. அதில் மழை சாய்வாக, ஒரே சீராக, கோடு போட்டது போலப் பெய்தது. தண்ணீர் ஏறியது. நண்டு இருந்த கட்டத்திலிருந்து எருமை இருந்த கட்டத்துக்கு 'நிறைந்தது' என்று ஒரு செய்தி தானாக ஓடிற்று. அங்கிருந்து யானை இருந்த கட்டத்துக்கு ஓடிற்று. பலகை எழும்பியது. தண்ணீர் வடிந்தது. கடி இல்லை, வீக்கம் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. பெட்டிக்குள் நின்ற எருமை வெள்ளையும் நீலமுமாகப் பளபளவென்று இருந்தது. காடே கை தட்டியது. மாசாணத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டு வருஷத்துப் பாரம் இறங்கியது அல்லவா!

துடைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டான். "சார், பெட்டிக்குள்ள செய்தி தானா ஓடுது. வெளிய, கரைமேல, அது எப்படி சார் ஓடும்?"

"வெளியிலா?" நயனசுந்தரம் கண்ணை இன்னும் பெரிதாக்கினார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. "அது இரண்டாம் கட்டம். முதல் கட்டம் இன்றோடு முடிந்துவிட்டது. ஆகவே பழைய ஏற்பாடும் இன்றோடு ரத்து."

எல்லாரும் மறுபடி கை தட்டினார்கள். மாசாணமும் தட்டினான். இனிமேல் கடி கிடையாது, அது போதாதா அவனுக்கு?

ஐப்பசி பிறந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மூன்றாம் நாள் நண்பகலில் சீனியம்மாவின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு மேலே ஏறி வந்து, மாசாணத்தின் குளம்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தண்ணி வந்துட்டு அண்ணே," என்றாள்.

மாசாணம் பழக்கத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காலை விறைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"கடிக்க மாட்டேன், பயப்படாதீரும். நான் அருவம். பிள்ளைகளுக்கு இன்னும் கொடுக்கு முத்தல."

அந்த நிமிஷத்தில் மாசாணத்துக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. கடி நின்றுவிட்டது! நெஞ்சு குளிர ஒரு பெருமூச்சு விட்டான். விட்ட மூச்சை இழுப்பதற்குள் ஏரியைப் பார்த்துவிட்டான். தண்ணீர் கரையின் தலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அம்பலவாணரோ ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பளபளப்போடு, கத்தலுக்காகக் காத்திருந்தார்.

அந்த வழியாகத் தாவிப் போன குரங்கிடம் சொல்லி அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் மகாராஜா தேக்கு இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரைச் சுமந்த குரங்குகளின் தோளில் தொற்றிக்கொண்டு நயனசுந்தரமும் வந்தார். இரண்டு பேரும் ஏரியைப் பார்த்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்தார்கள்.

"பெட்டியில் முக்கால் ஏரிதான் இருக்கிறது," என்றார் நயனசுந்தரம்.

"அப்படியானால் இது?" என்று மகாராஜா காலடியில் தளும்பிய தண்ணீரைக் காட்டினார்.

"இது பிழை."

"யாருடைய பிழை?"

"ஏரியுடையது. கணக்கிட்ட அளவுக்கு மேல் நிறைந்திருக்கிறது. நாங்கள் கொடுத்த மழை இவ்வளவு இல்லை."

மகாராஜாவுக்குக் கோபம் வந்தது. "ஏரிக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும்." குரங்கு ஒரு தாளில் எழுதி, மகாராஜாவிடம் கால்ரேகை வாங்கி, தண்ணீரில் விட்டது. அது மிதந்து போயிற்று. பெற்றுக்கொண்டதாகக் குறித்துக்கொண்டார்கள்.

"மகாராஜா, பலகையை இப்பமே தூக்கச் சொல்லுங்க," என்று மாசாணம் கெஞ்சினான். "கரை ஊறிட்டு. கீழ முயல்கள் இருக்கு."

"யார் சொல்லித் தூக்குவது?" என்றார் நயனசுந்தரம். "தூக்கி, மணிச் சத்தத்தை மட்டும்தான் ஏற்கும். மகாராஜா சொன்னாலும் ஏற்காது. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்."

"அப்ப நான் கத்துதேன்."

"தாக்காமல் மணி அடிக்காது."

சொல்லி முடிப்பதற்குள் கரையில் ஒரு விரிசல் விட்டது. மாசாணத்தின் இரண்டு குளம்புக்கு நடுவிலேயே ஓடியது. கீழே பள்ளத்தில் ஒரு தாய் முயல் வளைக்கும் மேட்டுக்குமாக ஓடி ஓடி, வாயில் ஒவ்வொரு குட்டியாகக் கவ்வித் தூக்கிக்கொண்டிருந்தது. மேட்டில் மூன்று குட்டி இருந்தன. வளைக்குள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? மாசாணம் அதைப் பார்த்தான். கத்தக் கூடாது, கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை. யாரும் கடிக்காமலே, பயத்திலும் இரக்கத்திலும், வாழ்நாளில் கத்தாத கத்தல் ஒன்று கத்திவிட்டான்.

அம்பலவாணர் பலகையைத் தூக்கினார். நூறு எண்ணினார். மாசாணம் மறுபடி கத்தினான். மறுபடி தூக்கினார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் மூன்று முழம் இறங்கியது. கரை நின்றது. முயல்கள் மேட்டில் குட்டிகளை எண்ணிப் பார்த்தன, சரியாக இருந்தது. எண்ணிவிட்டு ஏரிக்கரையைப் பார்த்துக் கும்பிட்டன.

"நல்லவேளை கத்தினீரு," என்றாள் சீனியம்மா.

"கடிக்காம கத்துறது இன்னிக்குத்தான்," என்றான் மாசாணம். தொண்டை கட்டியிருந்தது. பேச்சோடு பேச்சாக, பதினெட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்ததும் வந்துவிட்டது. "நீ கடிக்கது ரொம்ப வலிக்கும் தாயி."

சீனியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட பாவி மனுசா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடுக்கால லேசாத் தட்டியிருப்பேனே! சொரணை கெட்ட தோலாச்சேன்னு நானும் கை வலிக்க வலிக்கத் திருகித் தொலைச்சேன்!"

இதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் விசாரணை என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் குகையில் விசாரணை நடந்தது. நயனசுந்தரம் பதிவேட்டைக் காட்டினார். "கத்தல் பதினோரு முறை பதிவாகியிருக்கிறது. கடி ஒன்றுகூட இல்லை. காரணம் இல்லாமல் காரியம் நடந்திருக்கிறது. இப்படி விட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும், எது தோன்றினாலும், கத்திவிடுவார்கள்."

"முயல் செத்திருக்குமே சார்," என்றான் மாசாணம்.

"பெட்டியில் முயல் கிடையாது."

"கரை உடைஞ்சிருக்குமே."

"பெட்டியில் உடையவில்லை."

மகாராஜா நல்லவர்தான். தண்டனை கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. "பதிவேட்டைச் சரிசெய்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். சரிசெய்வது எப்படி? நடக்காமல் போன கடியை நடத்திவிட வேண்டும், அவ்வளவுதான். கடிப்பது யார்? சீனியம்மா அருவம், அவள் கடித்தால் செல்லாது. ஆகவே அவள் பிள்ளைகள். அவர்களுக்குள் எந்தப் பிள்ளை? நூற்றெழுபதும் ஒரே வகை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அமைப்பில் வித்தியாசம் இல்லை. ஒன்றுக்கு உள்ள கடமை எல்லாவற்றுக்கும் உண்டு. நயனசுந்தரம் ஒருநாள் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டு, எல்லாரும் வரிசையில் வரட்டும் என்றார்.

கார்த்திகை மாதம், மழை வெறித்து, குஞ்சுகளுக்குக் கொடுக்கு முத்திய பிறகு, கரைமேல் வரிசை நின்றது. ஆளுக்கொரு டோக்கன். சீனியம்மா, "மெதுவா, தட்டுனா போதும்" என்று வரிசை நெடுக ஓடி ஓடிச் சொன்னாள். தட்டினால் கடி என்று பதிவாகாது என்று குரங்கு ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பியது. சின்னக் கொடுக்குதானே என்று நினைக்காதீர்கள், சின்னக் கொடுக்குதான் ஊசி மாதிரி இறங்கும்.

முதல் குஞ்சு கடித்தது. மாசாணம் கத்தினான். அம்பலவாணர் பலகையைத் தூக்கி, நூறு எண்ணி, இறக்கினார். ஏரி கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது கடித்தது. கத்தினான். தூக்கினார். ஏரி இன்னும் குறைந்தது. நாற்பதாவது கடியில்தான் என்ன நடக்கிறது என்பது மாசாணத்துக்கு உறைத்தது.

"அண்ணாச்சி! தூக்காதீங்க! ஏரி காலியாவுது!"

"ஏரியைப் பத்தி எங்கிட்டப் பேசாதல. கத்துனா தூக்குவேன்."

"நான் கத்தலை, சொல்லுதேன்!"

"இப்பக் கத்துன மாதிரிதான் இருந்துது," என்று அம்பலவாணர் பலகையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு மாசாணம் வாயைத் திறக்கக் கூடாது என்று பார்த்தான். நாக்கைக் கடித்தான். மருதமரத்து வேரைக் கவ்விக்கொண்டு நின்றான். பட்ட பாடு கொஞ்சநஞ்சமா! ஆனால் வலி கேட்கிறதா? ஒவ்வொரு கொடுக்குக்கும் ஒவ்வொரு கத்தல், ஒவ்வொரு கத்தலுக்கும் ஒவ்வொரு நூறு. கண்ணெதிரே தண்ணீர் முழம் முழமாகப் போனது. ஆறு நாள் நடந்தது. நூற்றெழுபதாவது குஞ்சு கடிக்கும்போது ஏரியில் விரால் துள்ளியது, தண்ணீரில் இல்லை, சேற்றில். பதிவேடு சரியாகிவிட்டது என்று மகாராஜாவுக்குத் தகவல் போயிற்று. அவர் பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் ஏரி அழகாக, முக்கால் அளவில், நின்றது.

தை மாதம் ஏரியில் சேறும் காய்ந்தது. மாசியில் பாளம் பாளமாக வெடித்தது. ஆதாரம் இல்லாமல் ஏரி வற்றிவிட்டது என்று வதந்தி பரப்பக் கூடாது என்பதால், தாகம் எடுத்தவர்கள் குகைக்கு வந்து பெட்டியில் தண்ணீர் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உத்தரவு வந்தது. பார்க்க வந்தவர்கள் திரையை நக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் டோக்கன் போட்டார்கள். மகாராஜா முதலில் நக்கினார். "குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் இரண்டு மலை தாண்டிச் சுனைக்குப் போனார். அவர் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே காடு முழுக்கப் போனது.

மாசாணத்தால் அவ்வளவு தூரம் தினமும் நடக்க முடியவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் போய் வந்தான். எருமைக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தால் மட்டும் போதுமா, புரளச் சேறு வேண்டாமா? தோல் சுருங்கி வரிவரியாக வெடித்தது. உடம்பு எரிந்தது. பின்னங்கால் மட்டும் வீக்கம் வடிந்து, கன்றுக்குட்டியின் கால் போல அழகாக இருந்தது.

பங்குனியில் நயனசுந்தரம் ஒரு படிவத்தோடு கிளை கிளையாக வந்து சேர்ந்தார்.

"உங்கள் மனு மீது நடவடிக்கை முடிந்துவிட்டது. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை கடி?"

"ஒண்ணும் இல்ல சார்."

"பார்த்தீர்களா!" அந்தப் பெரிய கண்ணில் நிஜமாகவே சந்தோஷம் தெரிந்தது. "'திருப்தி', 'மிகுந்த திருப்தி' என்று இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்றில் குளம்பை வையுங்கள்."

"சார், தண்ணி?"

"அது வேறு மனு. அதை எழுதினால் மறுபடி முதல் கட்டத்திலிருந்து வருவேன்."

மாசாணம் பதறிப்போய் இரண்டாவது கட்டத்தில் குளம்பை அழுத்தி வைத்தான். நயனசுந்தரம் படிவத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். ரொம்ப நேரம் கண்ணுக்குத் தெரியும்படியாகவே போய்க்கொண்டிருந்தார்.

அவர் மறைந்ததும் மாசாணம் கழுத்துக் கொடியை மரத்தில் உரசி உரசி அறுத்துக்கொண்டு, கரையிலிருந்து இறங்கினான். ஏரியின் வெடிப்புகளுக்கு நடுவே, ஒரு வளையின் வாய் மண் வைத்து அடைத்துக் கிடந்தது. கோடையானால் நண்டுகள் அப்படித்தான் உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் போய், வீக்கம் இல்லாத பின்னங்காலை வைத்துக்கொண்டு நின்றான்.

"யாரது மேல நிக்கது?" என்று மண்ணுக்கு அடியிலிருந்து சீனியம்மாவின் குரல் வந்தது.

"நாந்தான், மாசாணம்."

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல." கொஞ்சம் தயங்கினான். "ஒரே ஒரு கடி கடிச்சிரு தாயி. திருகிக் கடிச்சாலும் சரிதான்."

உள்ளே கொடுக்கு ஒரு தடவை மண்ணைக் கீறியது.

"தண்ணி வந்தாத்தானே நான் கடிக்க முடியும்? எத்தனை வருசப் பழக்கம், அதுகூடவா தெரியாது உமக்கு?" என்றாள் சீனியம்மா. "போயி எங்கயாவது நிழல்ல நில்லும்."

நீதி: ஏரியே வற்றிப் போனாலும் படிவத்தில் 'மிகுந்த திருப்தி' என்ற கட்டத்தையே நிரப்புங்கள், வெறும் 'திருப்தி' என்று போட்டால், அதைச் சரிசெய்ய இன்னொரு நிபுணரை அனுப்பிவிடுவார்கள்.